உட்கார்ந்து வாசித்த ஞாயிற்றுக்கிழமை

திருவிழாவில் ஜனங்கள் என் டிரம்பெட்டுக்காகத்தான் பின்னால் வருகிறார்கள் என்று எட்டு வருடம் நம்பியிருந்தேன். இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் நடந்துபோன இடத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி நம்புவது கஷ்டம். மைசூரில் எங்கள் கோயில் மாதா தேர் கிளம்பும்போது வரிசை இப்படி இருக்கும்: முன்னால் கொடி பிடிப்பவர், அவருக்குப் பின்னால் எங்கள் பேண்டு, எங்களுக்குப் பின்னால் தேர், தேருக்குப் பின்னால் ஊரே. பேண்டின் முதல் வரிசையில் வலது ஓரம் நான். திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை தலைகள், அத்தனையும் என்னைப் பார்த்து நடந்து வரும். நடுவில் தேர் இருக்கிறது, அதில் மாதா இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பதைத் தொடும் வயது. பகலில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுக்கிற வேலை. பேண்டில் நாங்கள் பன்னிரண்டு பேர். ஒருத்தருக்கும் பேண்டு முழுநேரத் தொழில் இல்லை. கிளாரினெட் வாசிக்கிற மாஸ்டர் தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரர், இங்கே வந்து கட்டட மேஸ்திரியாக இருந்தார். பெரிய டிரம் அடிப்பவன் வெல்டர், என் வயதுக்காரன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியம் கன்னடத்தில்தான் போய் முடியும். மற்ற ஒன்பது பேரை இந்தக் கதைக்காக நிறுத்தி அறிமுகம் செய்தால் அவர்களுக்கே போரடிக்கும்.

எங்கள் கையில் இருந்தவை மூன்று பாட்டு. சாவுக்கு வாசிக்க இன்னொன்று தனியாக உண்டு. அதைச் சேர்ப்பதில்லை.

மூன்று பாட்டை வைத்துக்கொண்டு நாலு மணி நேர ஊர்வலத்தை எப்படி ஓட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். மிகச் சுலபம். ஊர்வலத்தில் நடப்பது நாங்கள், கேட்கிறவர் நிற்கிறார். வாசலில் நிற்கிற மனிதருக்கு எங்களிடமிருந்து கிடைப்பது ஐம்பது அடி தூரத்துப் பாட்டு. அவர் 'அட!' என்று நிமிர்வதற்குள் நாங்கள் பக்கத்து வீட்டைத் தாண்டியிருப்போம். அவருக்கு அலுக்கிற நேரத்தில் நாங்கள் அடுத்த தெருவில் இருப்போம். தேருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கோ ஜெபமும் மைக் செட்டும் தவிர எதுவும் கேட்காது. ஆக, மூன்றே பாட்டை மாற்றி மாற்றி வாசித்து, நூறு பாட்டு தெரிந்த பேண்டு என்று ஊர் முழுக்கப் பெயர் வாங்கியிருந்தோம்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. கொடி பிடிப்பவர் கையைத் தூக்கினால் தேர் நிற்கும், நாங்களும் நிற்போம். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சரி, அப்படியே கத்தரித்துவிடுவோம். அடுத்த விநாடி வெடி போடுவார்கள். வெடிச் சத்தத்தில் யாருக்கு என்ன தெரியப் போகிறது? இந்தப் பழக்கத்தில், அத்தனை வருடத்தில், ஒரு பாட்டின் கடைசி வரைக்கும் நாங்கள் போய்ச் சேர்ந்ததே இல்லை. கடைசி என்று ஒன்று அதற்கு இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

இவ்வளவு சொன்ன பிறகு அதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? இரண்டாவது பாட்டில் டிரம்பெட் தனியாக மேலே ஏறுகிற ஓர் இடம் வரும். எட்டு அடி நடக்கிற நேரம். எனக்கு அது வராது. அந்த இடம் வந்ததும் டிரம்பெட்டை வானத்தைப் பார்த்துத் தூக்குவேன், கன்னத்தை உப்பவைப்பேன், கண்ணை மூடிக்கொள்வேன், வாசிக்க மாட்டேன். வெல்டர் அந்த எட்டு அடிக்கும் டிரம்மைப் போட்டுச் சாத்துவான். சைடு டிரம்காரரும் சேர்ந்துகொள்வார். இடது பக்கம் நிற்பவர்கள் சத்தம் வலது பக்கம் போனதாக நினைத்துக்கொள்வார்கள், வலது பக்கத்தார் இடது பக்கம். ஒரு தடவை டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மேல போற எடம் இருக்குதே, அதுக்கே உங்களுக்கு ஒரு டீ" என்றார். குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருவிழா அன்று எல்லா நர்ஸும் லீவு கேட்பார்கள் என்பதால் இவள் அன்றைக்கு டூட்டியை எடுத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு லீவு வாங்கிவிடுவாள். அதனால் கல்யாணமான எட்டு வருடத்தில் அவள் எங்கள் பேண்டை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீட்டில் நான் டிரம்பெட் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு பயிற்சி செய்வதைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். "எங்க வார்டுல ஆஸ்துமா பேஷண்ட் இப்படித்தான் இழுப்பாரு" என்பாள். "அவருக்காவது மருந்து இருக்கு."

திருவிழா முடிந்து சிவப்புக் கோட்டோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து நான் கதை சொல்வேன்.

"இன்னிக்கு ஒரு அம்மா, வயசானவங்க, நான் மேல வாசிக்கிறப்ப அப்படியே நின்னு அழுதுட்டாங்க தெரியுமா?"

"செருப்பில்லாம நடந்திருப்பாங்க. முள்ளு குத்திருக்கும்."

"கூட்டம் நம்மள விட்டு நகர மாட்டேங்குது."

"தேரு பின்னாடி வர்றப்ப எங்க நகர்றது?"

கேலி செய்வாளே தவிர, கதையைப் பாதியில் எழுந்து போக மாட்டாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்பாள். எனக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது. வீட்டில் என்னைவிட அதிகச் சம்பளம் அவளுக்கு. ஊசி போடுவதிலிருந்து ஃப்யூஸ் போடுவதுவரை அவள்தான். நான் ஆணி அடித்தால் சுவர்தான் முதலில் வரும். வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் நான் ஸ்டோர்ஸ்காரன். மிச்சமிருக்கிற ஒரு நாளில், அந்தக் கதை நடக்கிற அரை மணி நேரம், அவள் கண்ணில் வேறு யாரோ. யார் என்று எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடத் திருவிழா முடிந்த மறுவாரம், நாங்கள் கோட்டும் வாத்தியமும் வைத்திருக்கிற வாடகை அறைக்கு ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். விஜயநகரில் வீடு, ரிட்டையர்டு இன்ஜினியர், நெற்றியில் சின்னதாகக் குங்குமம். அவர்கள் ஏரியாப் பூங்காவில் வாக்கிங் போகிற பென்ஷன்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். பூங்கா நடுவில் எட்டுத் தூண் வைத்து வட்டமாக ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைக்கிறதைத் தவிர அதில் ஒன்றும் நடக்காததால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் வந்து வாசிக்க வேண்டுமாம்.

"நானு அவத்து, திருவிழா அன்னிக்கு, ரோடுல நின்னுட்டிருந்தேன். நிம்ம பேண்டு போச்சு. என்ன சொகஸா வாசிச்சீங்க! ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார், தமிழும் கன்னடமுமாக.

வெல்டர் சந்தேகப் பிராணி. "எவ்ளோ நேரம் சார் கேட்டீங்க?"

"ரோடு கிராஸ் பண்ண ஜாகா கெடைக்கிற வரைக்கும். ஒரு நிமிஷம் இருக்கும். இன்னும் கேக்கணும்னு ஆசை ஆச்சு. அதான் வந்துட்டேன்."

"எத்தனை நேரம் வாசிக்கோணுங்க?" என்றார் மாஸ்டர்.

"ஒன்றரை ஹவர். ஆகுதல்வா?"

நாலு மணி நேரம் வாசிக்கிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்ன பெரிய விஷயம்? மாஸ்டர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "பண்ணிப்போடலாமுங்க."

"ஒரு புரோகிராம் லிஸ்டு கொடுங்க. என்னென்ன பாட்டு, எந்த ஆர்டர்லன்னு. டைப் அடிச்சு எல்லார் கைலயும் ஒண்ணு கொடுத்துடறேன்."

அவர் ஸ்கூட்டர் தெரு முனை திரும்பியதும்தான் மாஸ்டர் முகம் மாறியது. "ஏனப்பா, லிஸ்டுன்னா எத்தனை எழுதறது?"

"மூணு" என்றான் வெல்டர். "இல்லன்னா சாவுப் பாட்டையும் சேர்த்து நாலு. வர்றவங்க எல்லாம் வயசானவங்க. அதைப் பார்த்தா கோவிச்சுக்குவாங்க."

பேனாவை நான்தான் வாங்கினேன். ஸ்டோர்ஸ் வேலையில் ஒரே சாமானுக்கு மூன்று பெயர் எழுதிப் பழக்கம். 'மங்கள இசை' என்று ஆரம்பித்தேன். 'மாலை நேர இன்னிசை', 'பக்தி மலர்', 'வீர நடை', 'மேற்கத்திய மெல்லிசை' என்று வளர்ந்து ஒன்பதில் நிறுத்தினேன். மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று வேஷத்தில். மாஸ்டர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதுல மேற்கத்தியது எது?" என்றார்.

"ரெண்டாவது பாட்டுதான் மாஸ்டர். கொஞ்சம் மெதுவா வாசிச்சா மேற்கு."

"போச்சாது விடப்பா" என்று கோட்டுகளை இஸ்திரிக்குக் கொடுக்கப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் தயாரிப்பு என்றால் அது கோட்டு இஸ்திரியும் பித்தளை பாலிஷும்தான். பாட்டுதான் தெரியுமே, அதை எதற்குத் தனியாகப் பழகுவது?

டைப் அடித்த தாளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில், கண்ணில் படும்படி, தற்செயலாக வைத்தேன். அவள் எடுத்துப் படித்தாள்.

"ஒம்பது பாட்டா? நான் கேட்டிருக்கிறது ஒண்ணுதான். அதுவும் பாதி."

"வீட்ல வாசிக்கிறது பயிற்சி."

"அப்ப நெசத்தை நான் கேட்டே ஆகணும். அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு எட்டு மணிக்குத்தான் டூட்டி. அஞ்சு மணிக்கு வர்றேன். வார்டு சிஸ்டர்ஸ் மூணு பேரையும் கூட்டிட்டு வர்றேன்."

"எதுக்கு?" என்று வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"எதுக்கா? எட்டு வருஷமா அந்தம்மா அழுததைக் கேட்டுட்டிருக்கேன். ஒரு தடவை நானும் பக்கத்துல நின்னு அழுது பாக்க வேணாமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் டூட்டியில் இருந்தாள். பூங்காவில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் என்று இன்ஜினியர் சொன்னது ஞாபகம் வந்து, எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று நாற்காலியில் உட்கார்ந்து முதல் பாட்டை எடுத்தேன். நாலு வரி போனது. அதற்கு மேல் பாட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை வேகம் பிடித்து ஓடியது. மூன்றாம் தடவை தூங்கிவிட்டது. எழுந்து நின்று அறைக்குள் நாலு அடி நடந்தேன். பாட்டு சமர்த்தாகத் திரும்பி வந்தது. உட்கார்ந்தேன், போய்விட்டது. அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடமாகப் பாட்டை ஞாபகம் வைத்திருந்தது என் தலை இல்லை. கால்.

வெல்டர் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "சும்னே டென்ஷன் பண்ணாதே குரு. கால்ல யாராவது டிரம்பெட் வாசிப்பாங்களா?" என்று, மைசூரில் கூட்டாளியைக் கூப்பிடுகிற அந்தக் 'குரு'வையும் போட்டுச் சொல்லிவிட்டு, தின்பண்ட டின்னைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து அடித்துக் காட்டினான். பத்து அடிக்குள் சிரிப்பு நின்றது. எழுந்து நின்று, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து அடித்துப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். டின்னைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"குரு, மாஸ்டருக்குச் சொல்லாதே. மனுஷன் கோட்டெல்லாம் இஸ்திரி போட்டு வச்சிருக்காரு."

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே என் மேல் பரிதாபம் வருகிறது. முதலில் மழை கேட்டேன். திருவிழா அன்று மழை வரக்கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டவன், பத்தே நாளில் அவளிடமே போய் மழை வேண்டும் என்று கேட்டேன். இவனுக்கு என்னதான் வேண்டும் என்று அவளுக்கே குழப்பமாக இருந்திருக்கும். சனிக்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்து, உதட்டில் கொப்புளம் என்று சொல்லிப் படுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். டிரம்பெட் வாசிக்கிறவனுக்கு உதடு போனால் எல்லாம் போச்சு. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு தவறு செய்தேன். அதை ஒரு நர்ஸிடம் சொன்னேன்.

"வாயைத் தெறங்க" என்று டார்ச் லைட்டை எடுத்தாள்.

திறந்தேன்.

"நாக்கைத் தூக்குங்க. இந்தப் பக்கம். ம். கொப்புளம் எங்க?"

"உள்ளுக்குள்ள வலிக்குது."

"எவ்ளோ உள்ளுக்குள்ள?"

அவள் டார்ச்சை அணைத்தாள். "பயமா இருக்கா?" என்றாள், கேலி இல்லாத குரலில்.

"எனக்கென்ன பயம்? ஊரே பின்னால வர்ற ஆளு நான்."

"அப்ப சரி. உப்புத்தண்ணில வாய் கொப்பளிங்க."

கொப்பளித்தேன். வேறு என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் பூங்கா அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது. மண்டபத்தைக் கழுவி, பன்னிரண்டு நாற்காலியை அரை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எதிரே புல்தரையில் ஐம்பது நாற்காலி. முன் வரிசையில் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்ட பெரியவர்கள், ஆளுக்கொரு லிஸ்டோடு. இரண்டாவது வரிசையில் என் மனைவி, பச்சைப் புடவையில், மடியில் கைப்பை. பக்கத்தில் மூன்று சிஸ்டர்கள். சிவப்புக் கோட்டில் என்னைப் பார்த்ததும் ஒரு சிஸ்டர் இவள் காதில் ஏதோ சொல்ல, இவள் அவள் தொடையைக் கிள்ளினாள்.

அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திருவிழாவில் எங்களைக் கேட்கிறவர்களுக்குக் கையில் மெழுகுவர்த்தி இருக்கும், தோளில் குழந்தை இருக்கும், மனதில் ஒரு வேண்டுதல் இருக்கும். காது என்பது மிச்சம் மீதிதான். இங்கே வந்திருந்தவர்களிடம் காதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதிலும் இரண்டு பேர், எங்களைக் கேட்பதற்கென்றே, காதில் மெஷினைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

இன்ஜினியர் எழுந்து, "மொதல்ல, மங்கள இசை" என்று அறிவித்தார். மாஸ்டர் தலையை ஆட்டினார். ஆரம்பித்தோம்.

முதல் ஒரு நிமிடம் பிரமாதம். இன்ஜினியர் திரும்பி எல்லோரையும் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். அவர் கேட்டிருந்த அதே ஒரு நிமிடம். அதற்குப் பிறகு பாட்டு கழன்றது. நான் நாற்காலிக்கு அடியில் காலைத் தட்டிக்கொண்டிருந்தேன், வெல்டரும் தட்டிக்கொண்டிருந்தான், ஆனால் இரண்டு பேர் காலும் ஒரே ஊரில் இல்லை. மாஸ்டர் கிளாரினெட்டோடு முன்னால் ஓடினார். நான் துரத்தினேன். ஜால்ரா அடிப்பவர் யாரோடு போவது என்று தெரியாமல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சேர்த்து அடித்தார். எப்படியோ ஒரு இடத்தில் எல்லோரும் சந்தித்துக்கொண்டோம். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் அங்கேதான் காத்திருந்தது. எப்படி முடிப்பது? கையைத் தூக்க ஆளில்லை. வெடியும் கிடையாது. மாஸ்டர் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் என்னைப் பார்த்தான். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் லிஸ்டைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஐந்தாவது சுற்றில், தடித்த பித்தளைக் குழல் ஊதுகிற யூபோனியம்காரர் களைத்துப்போய் நின்றார். பிறகு நான். பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் குலுக்குகிற டப்பா வைத்திருந்தவர் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் குலுக்கிவிட்டு, வெட்கப்பட்டு நிறுத்தினார்.

கை தட்டினார்கள். நல்ல மனிதர்கள்.

திருவிழாவில் தப்பாக வாசித்தால் அந்தத் தப்பை அந்தத் தெருவிலேயே விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். பூங்காவில் தப்பும் எங்களோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவதாக 'மாலை நேர இன்னிசை'. அந்த மேலே ஏறுகிற இடம் உள்ள பாட்டு. அந்த இடமும் வந்தது. பழக்கதோஷம், டிரம்பெட்டை வானத்துக்குத் தூக்கினேன், கன்னத்தை உப்பவைத்தேன், கண்ணை மூடினேன். தெருவில் அந்த எட்டு அடியை நிரப்ப டிரம் இருக்கும், ஜனங்களின் சத்தம் இருக்கும், ஆட்டோ ஹாரன் இருக்கும். இங்கே வெல்டர் அப்போது எந்த இடத்தில் இருந்தானோ, அவன் டிரம்மும் நின்றுவிட்டது. பூங்கா முழுக்க நிசப்தம். யாரோ இருமினார்கள். தூரத்தில் கேட்டருகே கடலைக்காரர் சட்டியைத் தட்டுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். என் மனைவி என் உப்பிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. எட்டு வருடக் கதையும் அந்த இடத்தில் காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்குவதை நானே பார்த்தேன். அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மூன்றாவது பாட்டும் ஆயிற்று. நாலாவது, 'வீர நடை'. இரண்டு வரி வாசிப்பதற்குள் காது மெஷின் வைத்த பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் கன்னடத்தில், மெஷின் வைத்தவர்கள் பேசுகிற சத்தத்தில், "ஏ, இது ஆகலே ஆயித்தல்லா!" என்றார். ஏற்கனவே ஆகிவிட்டதே என்று அர்த்தம். லிஸ்டுகள் திரும்புகிற சத்தம் கேட்டது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் ஒரு தாளைச் சந்தேகமாகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். பாட்டு மறுபடி கழன்று, அவரவர் வழியில் போய், நின்றுவிட்டது. ஒருத்தரும் கை தட்டவில்லை.

மாஸ்டர் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தன் கால்களையே பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எந்திரிங்கப்பா."

"கிளம்பிடலாமா மாஸ்டர்?" என்றேன் ஆவலாக.

"எங்கடா கிளம்பறது? ஒரு மணி நேரங்கூட ஆவலை. எந்திரிச்சு நடங்க."

"எங்கே குருகளே நடக்கிறது?" என்றான் வெல்டர்.

"பாதை இருக்குதல்ல? அதுல நட. நிக்காதே."

மண்டபத்துக்கு நாலு படி. இறங்கினோம். மண்டபத்தைச் சுற்றி, பூச்செடிக்கும் புல்தரைக்கும் நடுவில், வட்டமாக ஒரு சிமெண்டுப் பாதை போகிறது. வழக்கப்படி வரிசை கட்டினோம். நான் முதல் வரிசை வலது ஓரம். வெல்டர் இரண்டு அடி கொடுத்தான். காலை எடுத்து வைத்தோம்.

இருபது அடிக்குள் பாட்டு வந்துவிட்டது. பன்னிரண்டு பேர் காலும் ஒன்றாக விழ, பன்னிரண்டு வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. இஸ்திரி போட்ட கோட்டுகூட அப்போதுதான் உடம்பில் ஒட்டியது. அதே பழைய முதல் பாட்டு. ஆனால் பூங்காவில் வேறு சத்தம் இல்லாததால், யூபோனியம் அடியில் என்ன வாசிக்கிறது என்பதை நானே அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். நன்றாகத்தான் வாசிக்கிறார் மனிதர்.

பாதையில் முதல் வளைவு திரும்பும்போது பார்த்தேன். முன் வரிசைப் பெரியவர்கள் நாற்காலியைவிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராகப் பாதைக்கு வந்து எங்கள் பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். இன்ஜினியர், காது மெஷின்காரர், எல்லோரும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தாயா, என்று மனைவியைத் தேடினேன். அவள் நாற்காலியில் இல்லை.

வலது பக்கம், என் முழங்கைக்கு அருகில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். எங்கள் வேகத்துக்கு, எட்டிப் போட்டு. ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்து பழகிய நடை.

"முன்னால பாத்து நடங்க" என்றாள்.

இரண்டாவது பாட்டு வந்தது. அந்த இடம் வந்துகொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி அவள் காது. டிரம்பெட்டைத் தூக்கினேன். வெல்டர் என்னைக் காப்பாற்ற டிரம்மைச் சாத்தத் தயாராவது முதுகில் தெரிந்தது. அன்று என்ன தோன்றியதோ, வாசித்தேன். முதல் நாலு அடிக்கு வந்தது. மிச்சம் நாலு அடிக்கு வந்ததை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை. மரத்திலிருந்த காகங்கள் எழுந்து போயின.

"பாதி வந்துச்சு" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல்.

மிச்சப் பாதியைப் பற்றிக் கேட்க முடியவில்லை, வாயில் டிரம்பெட் இருந்தது.

பெரியவர்கள் எங்கள் பின்னால் வந்தது பாட்டுக்காக இல்லை என்று பிறகு இன்ஜினியர் சொன்னார். ஆறு மணி அவர்கள் தினமும் வாக்கிங் போகிற நேரம். அந்தப் பாதைதான் அவர்கள் தினமும் நடக்கிற பாதை. நாங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் எங்களைத் தாண்டிப் போக முடியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பூங்காவுக்கு எங்களை மறுபடி கூப்பிடவில்லை. என் மனைவி அன்று என்னோடு இரண்டு சுற்று நடந்தாள். மூன்றாவது சுற்றில் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து டூட்டிக்குப் போய்விட்டாள்.